டயாஃப்ரம்ல ஓட்டையோட பிறக்கிற பிள்ளைகளுக்காக: மதுரை மாவட்ட சுகாதார அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார்,

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து எழுதுறேன். என் தங்கச்சி பையன் டயாஃப்ரம்ல ஓட்டையோட பிறந்தான், தங்கல. சுமாரா 2500, 3000 பிரசவத்துக்கு ஒரு பிள்ளை இப்படிப் பிறக்குதுங்கிறாங்க, அப்ப நம்ம மாவட்டத்துலயும் வருஷா வருஷம் பிறக்கத்தான் செய்யும்.

நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற அந்தத் தசை முதல் மூணு மாசத்துக்குள்ள மூடணும், மூடலைன்னா குடலு இரைப்பை எல்லாம் மேல ஏறி நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிடுது, நுரையீரல் வளர இடமே இல்லாமப் போயிருது. பெரும்பாலும் இடது பக்கம்தான். ஓட்டையத் தச்சிரலாம் சார், வளராத நுரையீரல என்ன பண்றது?

அஞ்சாம் மாச ஸ்கேன்லயே இதயத்துக்குப் பக்கத்துல இரைப்பை தெரியும், இதயம் வலது பக்கமா ஒதுங்கியிருக்கும். எல்லாக் கேஸும் அப்பவே தெரிஞ்சிராது, ஆனா தெரிஞ்சா அந்தத் தாய வென்டிலேட்டரும் குழந்தை சர்ஜனும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க, பிள்ளை வயித்துல இருக்கையில போறதுதான் பத்திரம். இதயத்துக்கும் தனியா எக்கோ பாக்கணும், ஏன்னா இந்தப் பிள்ளைகள்ல 10ல 4 பேருக்கு வேற குறையும் சேந்து இருக்கும், அதுல இதயக் கோளாறுதான் அதிகம், சிலருக்கு 13, 18ஆம் குரோமோசோம் கூடுதலா இருக்கும்.

தெரியாமப் பிறந்துட்டா? வயிறு ஒட்டிப்போயி மூச்சுக்குத் திணறுற பிள்ளைக்கு மாஸ்க் வச்சு காத்தடிக்கிற பைய அமுக்கினா அந்தக் காத்து இரைப்பைக்குள்ள போயி இருக்கிற நுரையீரலையும் நசுக்கிரும். எங்க பிள்ளைக்கு அதத்தான் பண்ணாங்க. நேரா மூச்சுக்குழாய்ல டியூப் போடணும், காத்த வெளிய எடுக்க இரைப்பைக்கும் ஒரு டியூப் விடணும். ஆபரேஷனும் உடனே பண்றதில்ல, பிள்ளை கொஞ்சம் நிலைக்கு வந்தப்புறம்தான், அத வீட்டு ஆளுககிட்ட சொல்லிட்டா ஆஸ்பத்திரிக்காரங்க இழுத்தடிக்கிறாங்கன்னு சண்டை வராது. ஒவ்வொரு பிரசவ வார்டுலயும், 108 வண்டியிலயும் இதுக்குப் பயிற்சி குடுங்க.

இன்னொண்ணு. கிரகணத்துல வெளிய போனா, பப்பாளி தின்னான்னு தங்கச்சிய இன்னமும் பேசுறாங்க. பெரும்பாலான கேஸ்ல காரணம் இன்னதுன்னு டாக்டருகளுக்கே தெரியல, இவ மேல எப்படிப் பழி போடலாம்? வேற குறை இல்லாம இது மட்டும் வந்திருந்தா அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு 100ல 1, 2தான். கிராம நர்ஸம்மாவ விட்டு இத மாமியார், புருஷன் ரெண்டு பேரையும் உக்கார வச்சு சொல்லச் சொல்லுங்க சார், அவங்க சொன்னா கேப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா