பெட்டி கட்டியவர்களை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன அரண்மனை அருங்காட்சியகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தைவானின் தைபே அருங்காட்சியகத்தில் உள்ள, பச்சைக்கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸையும், அதன் இலை நுனியில் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளியையும் நேரில் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் “நல்லதெல்லாம் தைவானுக்குப் போய்விட்டது, பெய்ஜிங்கில் மிஞ்சியது வெறும் கட்டடம்” என்று முடித்திருந்தீர்கள். அதுதான் மனதை உறுத்துகிறது.

நான் 31 வருஷம் பீங்கான் மொத்தக் கடையில் பார்சல் கட்டியவன். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். நிமிர்த்தி வைத்து, இடையிடையே வைக்கோலைத் திணிக்க வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. அப்படிக் கட்டியும் லாரி போய்ச் சேருவதற்குள் ஒன்றிரண்டு போய்விடும். ஜப்பான் படை நெருங்குகிறதென்று 1933-இல் பெய்ஜிங் அரண்மனையிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிளம்பின. அந்தக் கதையை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போனதை என்னால் விட முடியவில்லை.

முதலில் ஷாங்காய், அப்புறம் நான்ஜிங். 1937-இல் போர் வெடித்ததும் மூன்று வழியாகப் பிரித்து, ரயிலிலும் லாரியிலும் படகிலும் ஏற்றி மேற்கே கொண்டுபோனார்கள். சாங்ஷா நகரில் சில பெட்டிகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தன. அவற்றை அங்கிருந்து எடுத்துப்போன சில மாதங்களில், 1938 ஏப்ரலில், அந்த நூலகத்தின் மேல் குண்டு விழுந்தது.

இதில் என்னை மலைக்க வைப்பது ‘கல் முரசுகள்’ என்று சொல்லப்படும், முரசு வடிவிலான பத்துக் கற்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையானவை. அரசரின் வேட்டையைப் பாடும் வரிகள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்லின் மேல்தோல் உரிந்து வரும் நிலை. அதனால் நனைத்த காகிதத்தை எழுத்தின் குழிகளிலும் வெடிப்புகளிலும் அழுத்தி நிரப்பி, பஞ்சுமெத்தை சுற்றி, கயிறு கட்டி, அதற்குமேல் மரப்பெட்டி அடித்தார்கள். அந்தக் கைகளுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்! மலைப்பாதை ஏறி சிச்சுவான் வரை போன அந்த முரசுகள் இன்று பெய்ஜிங் அரண்மனையில்தான் இருக்கின்றன.

அப்புறம் சீன உள்நாட்டுப் போரின்போது, 1948, 49-இல் தைவானுக்குக் கப்பலேறிய அரண்மனைப் பெட்டிகள் 2,972. பொறுக்கி எடுத்தவை, சந்தேகமில்லை. ஆனாலும் கிளம்பியதில் கால் பங்குகூட இல்லையே.

சரி, “வெறும் கட்டடம்” என்கிறீர்களே, அதுவும் நியாயமா? அது 1420-இல் கட்டி முடித்த அரண்மனை. தீயில் எரிந்து எரிந்து எழுந்தது. அதன் முதன்மை மண்டபமான தைஹே, இப்போது நிற்பது, 1690-களில் எழுப்பியது. கூரையின் விளிம்பைத் தாங்கும் ‘தௌகோங்’ அடுக்கைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன மரத்துண்டுகள், கழுந்தும் துளையுமாக ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். நிலம் ஆடினால் பொருத்துகள் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் எந்தப் பொருளுக்கும் இது குறைந்ததில்லை.

அப்படிப் பொருத்திய மரவீட்டைக் கழற்றவும் முடியும். அன்ஹுய் மாநிலக் கிராமம் ஒன்றில் ஹுவாங் குடும்பத்தார் பல தலைமுறையாக வாழ்ந்த, 16 படுக்கையறை கொண்ட ‘யின் யூ தாங்’ என்ற வீட்டை அப்படித்தான் தூண் தூணாக, ஓடு ஓடாகப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். அமெரிக்காவின் சேலம் நகரில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடியும் பூட்டி, 2003-இல் திறந்தார்கள். வீட்டையே பார்சல் கட்டிய வேலை அது. அதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

பெட்டிகள் லாரியிலும் படகிலும் போன பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அடுத்த இதழில் அவற்றில் ஒன்றையாவது போடுங்கள். கயிற்றை எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
விருதுநகர்.