இரவு ஒரு மணிக்கும் பம்ப்பை நிறுத்தாதவன் எழுதுவது

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு எதிரே, வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி இருக்கும். தோளில் கைக்குழந்தையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஓர் அக்கா, "தம்பி, எப்போதுதான் நிறுத்துவீர்கள்?" என்று தமிழிலேயே கேட்டார். என் கையில் பம்ப்பிலிருந்து கான்கிரீட் வரும் ஹோஸ் இருந்தது. அதன் வாயிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதில்தான் இது.

அக்கா, நடுவில் நிறுத்த முடியாது. அன்று ஊற்றியது நிலையத்தின் அடித்தள ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம். 1,000 கன மீட்டர் ஸ்லாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரிக்கு 8 கன மீட்டர் வீதம் 125 லாரி வர வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் ஊற்றியது இறுகிவிடும். மறுநாள் ஊற்றுவது அதோடு சரியாக ஒட்டாது. மேலே கட்டும் வீடாக இருந்தால் பூசி மறைக்கலாம். மண்ணுக்கு அடியில் சுற்றிலும் நிலத்தடி நீர். மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், உள்ளே வந்துவிடும்.

குழாயிலும் அதே கதைதான். 125 மில்லிமீட்டர் குழாய்க்குள் கான்கிரீட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பம்ப்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் குழாய்களை இணைக்கும் கிளாம்பைத் தொடலாம். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பது பீறிட்டு அடிக்கும். காற்று சிக்கியிருந்தால் ஹோஸ் நுனி பாம்பாய்ச் சுழன்று ஆளையே வீழ்த்திவிடும். அன்று ஒருமுறை அடைத்தது. முக்கால் மணி நேரம் போனது.

சரி, இரவு 10 மணிக்கு முடிய வேண்டிய வேலை ஏன் 3 மணி வரை இழுத்தது? வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி வந்த இரண்டு லாரிகளின் கலவை, இளக்கம் பார்க்கும் ஸ்லம்ப் சோதனையில் தேறவில்லை. 30 சென்டிமீட்டர் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கினால் கலவை சரிந்து இறங்க வேண்டும். அது மண்மேடு போல அப்படியே நின்றது. தண்ணீர் ஊற்றினால் குழாயில் ஓடும், ஆனால் வலு போய்விடும். திருப்பி அனுப்பினோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

கடைசியில் நாங்கள் குழாயைத் தட்டிக் கழுவியது உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். விடியும்வரை விட்டால் உள்ளே இருப்பது கல்லாகிவிடும். ஆனால் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டோமே, அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். கான்கிரீட்டை அதிரவைத்துப் படியவைக்கும் வைப்ரேட்டரின் இரைச்சலில் கத்திப் பழகிய தொண்டை, அது நின்ற பிறகும் தணியவில்லை. மன்னியுங்கள்.

இனி என் கோரிக்கை. மின்தூக்கி அருகே ஒட்டியிருந்த அறிவிப்பை நானும் படித்தேன். "இரவு 10 மணி வரை" என்று இருந்தது. இவ்வளவு பெரிய ஸ்லாப் அந்த நேரத்தில் முடிவது அபூர்வம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். சனி இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வீடுகளுக்கு அருகே வேலை கூடாது என்ற விதி இருப்பதால், இழுபறியெல்லாம் வார நாள் இரவில்தான் விழும். ஆகவே அடுத்த முறை புகார் செய்யும்போது, "நிறுத்துங்கள்" என்று கேட்காதீர்கள். "விடியற்காலை வரை போகலாம் என்று உண்மையை எழுதி ஒட்டுங்கள்" என்று கேளுங்கள். ஹோஸ் பிடிப்பவன் கேட்டால் யார் காதில் விழும்? குடியிருப்பவர்கள் கேட்டால் எழுதுவார்கள்.

அடுத்த ஸ்லாப் மூன்று வாரத்தில். அக்கா, அன்றிரவு முடிந்தால் குழந்தையோடு பாட்டி வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஹோஸ் பிடிப்பவன்