பாதரசத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் பூர்வகுடி மக்களுக்கு வரும் இதயநோய் குறித்து அண்மையில் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, ‘பராக்ஸோனேஸ்-1’ என்ற நொதியை முழுக்க முழுக்கப் பிறவியிலேயே அமைவதாக எழுதியிருந்தது. அது பாதிதான் சரி.

கல்லீரலில் உருவாகும் இந்த நொதி, நல்ல கொழுப்போடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க உதவுகிறது. இந்த நொதி அமினோ அமிலங்களாலான ஒரு சங்கிலி; அதன் 192-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் குளுட்டமினா, ஆர்ஜினினா என்பது பெற்றோர் தந்தது. ஆனால் அந்த இடம் ஒன்றாக உள்ள இருவருக்குள்ளேயே நொதியின் அளவு பல மடங்கு மாறும். புகைபிடித்தால் அது குறையும். எனவே மரபணுவை மட்டும் பார்த்துப் பயனில்லை. நொதியின் செயல்திறனை அளக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கால்சியம் இல்லாமல் இந்த நொதி இயங்காது. ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், நொதி செத்துப்போனதுபோல் முடிவு வரும். ரத்தத்தை, உறையவிட்டுத் தெளிநீரைப் பிரிக்கும் சீரம் குழாயிலோ, ஹெப்பாரின் என்ற வேறொரு உறைவுத் தடுப்பு மருந்து உள்ள குழாயிலோதான் எடுக்க வேண்டும்.

வட கியூபெக்கின் நுனாவிக்கில் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் 14 கிராமங்கள் உள்ளன. 2004-இல் அங்கே சுமார் 900 பேரிடம் இந்த நொதியின் திறனை அளந்தார்கள். வயது, நல்ல கொழுப்பு, மரபணு வகை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், ரத்தத்தில் பாதரசம் கூடியவர்களிடம் நொதியின் திறன் குறைந்திருந்தது. செலினியம் என்ற தாதுச்சத்து கூடியவர்களிடம் உயர்ந்திருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த அளவு என்பதால் பாதரசம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

அங்கே பாதரசம் அதிகம் சேர்வது பெலுகா திமிங்கல இறைச்சியிலிருந்து. அதைக் காயவைத்துச் செய்யும் ‘நிக்கு’வில் நீர் போய்விடும், பாதரசம் போகாது, அதனால் ஒவ்வொரு கிராமிலும் அதன் அளவு கூடிவிடுகிறது. அதே பெலுகாவின் தோலும் கொழுப்புமான ‘மத்தாக்’ செலினியம் மிகுந்தது. ஆர்க்டிக் சார் மீனில் பாதரசம் குறைவு. ஆகவே, ‘பாரம்பரிய உணவைக் கைவிடுங்கள்’ என்ற தங்கள் கட்டுரையின் அறிவுரை தவறு. கருவுறும் வயதுப் பெண்கள் பெலுகா இறைச்சியைக் குறைத்துச் சார் மீனைக் கூட்டினாலே போதும். கடையில் விற்கும் இனிப்புப் பானமும் பதப்படுத்திய இறைச்சியும் இதயத்துக்கு எந்த வகையிலும் மேலானவை அல்ல.

இன்னொன்று: அந்தப் பாதரசம் இனுயிட் மக்கள் கொட்டியதல்ல. நிலக்கரி உலைகளிலிருந்தும் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் கிளம்பிக் காற்றோடு வடக்கே போனது அதில் பெரும்பங்கு.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக வாசகர்,
டொரோண்டோ