ஆண்மைக் கோப்பிக்கு முன் இரத்தக் கொதிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசியத் தோட்டப்புற இரவுச் சந்தைகளில், விறைப்பைக் கூட்டும் என்று விற்கப்படும் ஆண்மைக் கோப்பியும் பெயர் தெரியாத 'சக்தி' மாத்திரையும் தாராளமாக விலை போகின்றன. வாங்குவோரில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இக்கடிதம்.

விறைப்புக் குறைவை வயதின் மேல் பழி போட்டு விடுகிறோம். ஆனால் ஆணுறுப்பின் இரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உடையது. இதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்து வரலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். இந்தக் கடைசிப் பரிசோதனையைப் பலர் கேட்டுச் செய்வதில்லை. சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்குவதை அதுதான் முந்திச் சொல்லும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவா என்று அறிய, பசியாறாமல் காலை 7 முதல் 11 மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும். மாலையில் அளவு தானாகவே இறங்கிவிடும். செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்த கையோடும், காய்ச்சலோடும் போகாதீர்கள். இல்லாத குறையைக் காட்டும். முடிவு குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்த பிறகே உறுதி. தொப்பை உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோன் குறைவது சகஜம். கொழுப்புத் திசு அதன் ஒரு பகுதியை எஸ்டிராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. எடை குறைந்தால் பலருக்கு ஊசி இல்லாமலே அளவு ஏறும்.

குறைவு உறுதியானவர்களுக்கு மருத்துவர் தரும் சிகிச்சையை நாம் குறை சொல்லவில்லை. இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த 'டிராவெர்ஸ்' ஆய்வு 2023இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் களிம்பு பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 2.3 விழுக்காடு, வெற்றுக் களிம்பு பூசியவர்களிடம் 1.5. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. மேலும், இந்த ஹார்மோன் இரத்தத்தைக் கெட்டியாக்கும். சிவப்பணு அளவு (ஹெமட்டோகிரிட்) 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். அதனால்தான் தொடங்கிய 3 முதல் 6 மாதத்தில் மறுபரிசோதனை. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ போடும் ஊசிக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் கிடையாது. அந்த ஊசி விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் பயம் தருவது கோப்பிப் பாக்கெட்தான். விறைப்புக் குறைவுக்கான மருந்துகளான சில்டெனாஃபில், தடாலாஃபில் ஆகியவற்றைச் சொல்லாமல் கலந்த பொருள்கள் இந்நாட்டில் பலமுறை பிடிபட்டுள்ளன. அதைக் குடித்தவர் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை எடுத்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சில்டெனாஃபிலுக்குப் பின் 24 மணி நேரமும் தடாலாஃபிலுக்குப் பின் 48 மணி நேரமும் அந்த மாத்திரை கூடாது. அவசரப் பிரிவுக்குப் போனால் என்ன குடித்தீர்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பாக்கெட்டையும் கொண்டு போங்கள்.

மருந்து என்றால் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழும் ஆண்மை மருந்து விளம்பரங்களை ஏற்கும் முன் 'கே.கே.எல்.ஐ.யூ.' (KKLIU) என்ற மருந்து விளம்பர அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டுகிறோம்.

மருந்தாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்