கல் நட்ட பிறகு என்ன கருத்துக் கேட்பு?

நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாலை எதற்கு, ஏன் இந்தப் பக்கம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். சாலையே வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் மில்லுக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? வந்தவர்களுக்கும் காட்டியது ஆங்கில வரைபடம். அதற்கு முன்பே சுவர்களில் சிவப்புப் பெயின்ட் அடித்து, கல்லும் நட்டாகிவிட்டது.

தெருக்கோடி அக்கா கேட்டதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். நிலம் எடுக்க நீங்கள் போட்ட எல்லைக்கோடு அவர் வீட்டுச் சமையலறைக்கு நடுவில் விழுகிறது. முன் அறை, மாடிப்படி, வாசலில் இருக்கும் செப்டிக் டேங்க் எல்லாம் சாலைக்குப் போய், பின்னால் ஓர் அறை மிஞ்சும். அளந்த சதுர அடிக்குத்தான் இழப்பீடு என்றீர்கள். முன்பக்கத் தூணை எடுத்தால் மிச்சக் கூரை நிற்காது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார், வீட்டுக்கடனோ இன்னும் முடியவில்லை. வீட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வந்தால் முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்ல 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 94ஆவது பிரிவு இடம் தருகிறதே, அது எங்களுக்கும் உண்டா என்று அவர் மகள் எழுந்து கேட்டாள். "மனுவா எழுதிக் கொடும்மா, பாக்கலாம்" என்றார்கள், மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. உண்டு அல்லது இல்லை என்று சொல்ல ஒருவரும் இல்லாத கூட்டத்தில் எங்கள் கருத்தை யார் கேட்டார்கள்? தயவுசெய்து கூட்டத்தை மறுபடி நடத்துங்கள்.

வாசலில் வாங்கிய கையெழுத்து வருகைக்கா, சம்மதத்துக்கா என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். அந்தத் தாளில் தலைப்பே இல்லை.

மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுப்பதால் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்றார் உங்களில் ஒருவர். தெரியும். மத்திய அரசின் அந்த 2013 சட்டத்தில் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 2001ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைச் சட்டத்துக்கும் இன்னும் இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுத்தது தமிழ்நாடு. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்றது, அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு மீட்டெடுத்தார்கள், 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. சரி, சட்டம் உங்கள் பக்கம். ஆனால் எந்தக் குடும்பம் என்ன இழக்கும், சாலையை வேறு பக்கம் கொண்டுபோக முடியுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டியது அந்த மதிப்பீட்டில்தான். அதையும் எடுத்த பிறகு எங்களுக்கு மிஞ்சியது இந்தக் கூட்டமும் ஆட்சேபனை மனுவும்தானே, இதையுமா ஒப்புக்கு நடத்துவீர்கள்? சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018இல் தோட்டங்களில் கல் நட்டபோது எழுந்த கோபம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குள், சர்வே எண் வாரியாகத் தமிழில் வரைபடம் வைத்துக் கூட்டத்தை நடத்துங்கள். கேள்வியையும் பதிலையும் எழுதி அங்கேயே வாசித்துக் காட்டிப் பிரதி கொடுங்கள். தேதியை விஏஓ அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதாது, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வரட்டும். அதுவரை அடுத்த நடவடிக்கையை நிறுத்தி வையுங்கள். அந்த அக்காவுக்கான பதிலையும் அன்றைக்கு எழுத்தில் கொண்டு வாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
கோட்டுக்குள் வீடு இருக்கும் ஒருவர்