கதவின் மேல் போட்ட பழி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. கம்பெனி மெஷினில் விரல் அடிபட்டதென்று நேற்று இரவு நீ பேசி வைத்ததிலிருந்து அம்மா ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை. "ஆள்காட்டி விரல் நுனிதான் அம்மா" என்று அவளைத் தேற்றினாய். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, சூப்பர்வைசர் பத்தாயிரம் ரூபாய் தருவதாகவும், அறையில் மிக்ஸியில் பட்டுவிட்டது என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னதாகவும் சொன்னாய். "பிரச்சினை வேண்டாமே அப்பா" என்றாய். எனக்கு நாக்கு எழவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

2003-இல் உனக்கு நான்கு வயது. கொரட்டூரில் நாம் குடியிருந்த போர்ஷனின் முன்கதவு நினைவிருக்கிறதா? கையில் பெரிய கட்டோடு நான் வந்தபோது, கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ ஓடிப்போய் அந்தக் கதவை உதைத்தாய். உன் கால் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகும் வெகுநாள், நான் கதவைச் சாத்தப் போனாலே "அப்பா, கை! அப்பா, கை!" என்று கத்துவாய்.

அந்தக் கதவு ஒன்றும் செய்யவில்லையடா. அம்பத்தூர் எஸ்டேட்டில், எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு பட்டறையில், தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ்ஸில் போன விரல்கள் அவை. ஒவ்வொரு அடிக்கும் மெஷினைப் பூட்டி விடுவிக்கும் கிளட்ச் கீ தேய்ந்திருந்தது. ஒரு முறை மிதித்தால் ஒரு ஸ்ட்ரோக்தான் வர வேண்டும். அன்று அடித்துவிட்டு மேலே போன ரேம், நான் பீஸை எடுக்கக் கை நீட்டியபோது தானாக மறுபடியும் இறங்கியது. கீயை மாற்றச் சொல்லி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவில் போகும்போதே சூப்பர்வைசர் சொன்னார்: "வீட்டில் நடந்ததாகச் சொல். முதலாளி உன்னைக் கைவிடமாட்டார்." வலியில் எதையும் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. டாக்டர் கேட்டார், கதவு என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் ஆப்பிளும் மூவாயிரம் ரூபாயும் வந்தன. அது என் ஒரு மாதச் சம்பளம். கூடவே வந்த வெற்றுத்தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்தில் ஆபரேட்டர் வேலை போனது. அப்புறம் வாட்ச்மேன் உடை. அதைத்தான் உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாய்.

2006-இல், தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு நண்பர் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருந்த தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு என்னை அழைத்துப் போனார். போகும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் எந்த விரலுக்கு எத்தனை சதவீதம் என்று அட்டவணையே இருந்தது. ஒரு கையில் இரண்டு விரல் போனால், சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு. என் சம்பளம் 3,000. அதில் 60 சதவீதம் 1,800. 35 வயதுக்கான பெருக்கு எண் 197.06. பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 70,900 ரூபாய். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டுமாம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லிப் பார்க்கலாம் என்றார் நண்பர். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்திருந்தாலும் சட்டத்தின் முன் செல்லாது, அதனால் வெற்றுத்தாளுக்கும் அஞ்ச வேண்டாம் என்றார். பிறகு டாக்டரின் சீட்டைக் கேட்டார். நீட்டினேன். படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். என் வாயால் சொன்ன ஒரு சொல்லை எதிர்த்து நானே எப்படி வழக்காடுவது? திரும்பி வந்துவிட்டோம்.

உன் நிலைமை அப்படி இல்லை. எங்கள் பட்டறைக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, கிடையாது. உனக்கு உண்டு. சம்பளச் சீட்டை எடுத்துப் பார், 18,000-க்கு 135 ரூபாய் பிடித்திருப்பார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் உரிமை குறையாது. வேலையில் அடிபட்டதாகப் பதிவானால், வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும். மருத்துவக் குழு பார்த்து நிரந்தர இழப்பு என்று சொன்னால், நீ வேலைக்குத் திரும்பிய பிறகும் ஆயுள் முழுக்க மாதாமாதம் ஒரு தொகை வரும். நுனி என்று நீயாகவே குறைத்துச் சொல்லாதே. எலும்பு போகாத நுனிக்கு 5 சதவீதம், ஒரு கணு போயிருந்தால் 9. அதை எக்ஸ்ரே சொல்லட்டும். மிக்ஸி என்று எழுதிவிட்டால் இதில் ஒன்றும் இல்லை.

"என் தப்பும் இருக்கிறது அப்பா, கையை விட்டிருக்கக் கூடாது" என்றாய். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறையுதென்று அணைத்து வைத்தது நீயா? அப்படியே உன் கவனக்குறைவாக இருந்தாலும், அதற்காக இந்தப் பணத்தை மறுக்க முடியாது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி.

நாளைக் காலையிலேயே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல். நாள், நேரம், மெஷின், பக்கத்தில் இருந்தவர் யார், எல்லாம். எழுத மறுத்தால் நீயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கு. அதையும் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. மராத்தியில் எதை நீட்டினாலும் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே. புனே பக்கத்துச் சின்ச்வடில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போ. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. நிறுத்தினால் வீட்டுக்கு வா. இரண்டு பேர் சாப்பிடும் சோற்றில் மூன்றாமவனுக்கும் இருக்கும்.

நேற்று உனக்குக் கட்டுப் போட்ட டாக்டரின் சீட்டைப் படம் எடுத்து உடனே அனுப்பு. எப்படி அடிபட்டது என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். மிக்ஸி என்று இருந்தால், இன்றே அவரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்.

அன்புடன்,
அப்பா