க்யூப் பதிவேட்டில் தொடங்கும் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வருவோரின் நேர்மை பற்றிய பேச்சு, கட்டடம் ஏதேனும் இடிந்து விழும்போது எழுந்து, சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. விசாரணை நடந்தது, விதிகள் பேசப்பட்டன. ஆனால், இத்தகைய பணிகளுக்குத் தலைமையேற்பவர்கள் தொழிலை யாரிடம், எப்படிக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

கான்கிரீட்டின் வலிமையை அறிய, அதைப் போடும்போதே 15 சென்டிமீட்டர் க்யூப்களாக, அதாவது கனசதுரக் கட்டிகளாக, மாதிரி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். நான் பணியாற்றிய ஒரு தளத்தில், உடைக்காத க்யூப்களுக்குப் பதிவேட்டில் வலிமை எண்களை நிரப்பிக் கையெழுத்திடுமாறு புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளரிடம் மேலாளர் சொன்னார். க்யூப்கள் பாசி படிந்து தொட்டியிலேயே கிடந்தன. பேனாவைப் பிடித்த அவருடைய கை முதல்முறை தயங்கியதைப் பார்த்தேன். மூன்றாம் மாதத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அருகில் இருந்தும் தடுக்காத குற்றம் எனக்கும் உண்டு. இன்று அவர் பெரியதொரு திட்டத்தின் தலைவர்.

எனக்கு வாய்த்த முதல் மேலதிகாரி வேறு மாதிரியானவர். கூரை கான்கிரீட் போடும்போது கலவை எளிதாக ஓட வேண்டும் என்று மேஸ்திரி, கான்கிரீட்டின் வலிமை குறையும்படி, கூடுதலாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதைக் கண்டதும், மிக்சரை நிறுத்தி, கலவை முழுவதையும் வெளியே கொட்டச் செய்து, அந்தச் செலவையும் அன்று மாலையே முதலாளியிடம் தாமே தெரிவித்தார். தொழில்நெறியை நான் கற்றது அந்த ஒரு நாளில்தான். கல்லூரிப் பாடத்தில் அல்ல.

கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுகளுக்குள் தெரியவந்தால் கட்டுநரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். வரவேற்கத்தக்கதே. ஆயினும், நிறுவனங்களுக்குள் பதவி உயர்வு இன்னமும் வேலையைக் குறித்த நாளுக்கு முன்னரே முடிப்பவரைத்தான் தேடிச் செல்கிறது. தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் திட்ட மேலாளருக்குக் கீழ்ப்பட்டிருக்காமல் நிர்வாகத்துக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். ஒருவரைத் திட்டத் தலைவராக உயர்த்துமுன் அவருடைய தளங்களின் சோதனைப் பதிவேடுகளையும் விபத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றால், கையெழுத்திட மறுத்த இளம் பொறியாளரைத் தூரத்துத் தளத்துக்கு மாற்றிவிடும் வழக்கத்தையாவது நிறுவனங்கள் இப்போதே கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
தாம்பரம்.